ஆதிக் கணுக்காலிகளின் உடலமைப்பு: மலையக மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். கணுக்காலிகள் பற்றிய பாடத்துக்கு வரும்போதெல்லாம், இந்த உயிரினங்கள் முதன்முதலில் எப்படி இருந்தன, அவற்றின் கால்களும் கண்களும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விகள் எழாமல் இருந்ததில்லை. பாடத்திட்டம் அவற்றுக்கு இடம் தரவில்லை. ஆனால் கேட்கும் பிள்ளைக்குப் பதில் வேண்டும். அடிக்கடி வந்த கேள்விகளை, வகுப்பில் சொன்னதைவிடச் சற்று விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

கணுக்காலி என்பதற்கு அடையாளம் என்ன? ஆதிக் கணுக்காலி என்றால் எவ்வளவு பழையது?

உடல் துண்டங்களாக அமைந்திருக்க வேண்டும். அத்துண்டங்களை வெளிப்புறத்தில் கைற்றின் கலந்த கடினமான புறவன்கூடு போர்த்தியிருக்க வேண்டும். துண்டங்களிலிருந்து மூட்டுகளுள்ள அவயவங்கள் சோடி சோடியாகப் புறப்பட வேண்டும். நண்டு, இறால், தேள், சிலந்தி, பூரான், மரவட்டை, வண்டு, தும்பி ஆகிய அனைத்தும் இந்த மூன்று அடையாளங்களால் ஒரே கணத்துக்குள் வருகின்றன.

கம்பிரியன் காலம் ஏறத்தாழ 539 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கியது. நாம் பேசும் ஆதிக் கணுக்காலிகளில் பெரும்பாலானவை அக்காலக் கடல்களில் வாழ்ந்தவை. திரைலோபைற்று என்னும், இன்று அழிந்துபோன கடற் கணுக்காலிகளின் ஓடுகள் ஏறத்தாழ 521 மில்லியன் ஆண்டுப் பழைமையான பாறைகளிலிருந்து கிடைக்கத் தொடங்குகின்றன. ஆயினும் அவற்றுக்கும் முந்திய படைகளிலேயே, பல சோடிக் கால்களால் சேற்றைக் கிளறிய தடங்கள் பதிந்திருக்கின்றன. ஓடு கனிமமாக இறுகுவதற்கு முன்னரே கால் இருந்தது என்பதற்கு அத்தடங்களே சாட்சி.

எங்கள் மலைகளைத் தோண்டினால் திரைலோபைற்று கிடைக்குமா?

கிடைக்காது. மலையகத்தின் பாறைகள் மிகப் பழையவை. ஆனால் பழைமை மட்டும் போதாது. வீதி போடுவதற்காக உடைத்துக் குவித்திருக்கும் கல்லை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். வெளுத்த படையும் கறுத்த படையும் மாறி மாறி ஓடும். இடையிடையே மாதுளை முத்தைப் போன்ற சிவந்த மணிகள் பதிந்திருக்கும். அந்த மணிகள் கார்னெற்று என்னும் கனிமம். புவியோட்டின் ஆழத்தில், பெரும் அமுக்கத்திலும் வெப்பத்திலும் பாறை உருமாறியபோது அவை உருவாயின. மலையகப் பாறைகளின் இந்த உருமாற்றம் ஏறத்தாழ 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். அதாவது கம்பிரியன் கடல்களில் கணுக்காலிகள் நடக்கத் தொடங்கிய காலத்தில், இன்று தேயிலை நிற்கும் இந்தக் கல் நிலத்துக்கடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில் கிடந்தது. சேறு படிந்து, அதில் உடல் புதைந்து, மெல்ல இறுகும் அடையற்பாறையிலேயே உயிர்ச்சுவடு தங்கும். திகனையில் வெட்டியெடுக்கும் சலவைக்கல் ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்புப் படிவாகவே இருந்தது. உருமாற்றம் அதைப் பளிங்காக்கிவிட்டது.

இலங்கையில் உயிர்ச்சுவடுகளே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. புத்தளம் மாவட்டத்தின் தப்போவையில் யுராசிக் காலத் தாவரச் சுவடுகள் உள்ளன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் மயோசீன் காலக் கடலுயிர்களின் எச்சங்கள் உள்ளன. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தேடித் தோண்டும் இல்லம் என்னும் மண்படையில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. கம்பிரியன் காலப் படைதான் நமக்கு இல்லை. நமக்கு அண்மையில் அத்தகைய திரைலோபைற்றுகளைக் காண வேண்டுமானால் இமாலயத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கோ, பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடருக்கோ போக வேண்டும்.

அட்டைக்கும் உடல் வளையம் வளையமாக இருக்கிறதே, அது கணுக்காலியின் முன்னோரா?

மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குப் போகும் அம்மாமார் அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரத்தையோ சுண்ணாம்பையோ காலில் தடவிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடமிருந்தே இக்கேள்வி வருகிறது, நல்ல கேள்வி. இதே வளையங்களைக் கண்டுதான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே, மண்புழுவையும் அட்டையையும் கணுக்காலிகளோடு ஒரே பெரும் பிரிவில் வைத்தார். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் அக்கருத்து நிலைத்தது. 1997இல் மரபணு ஒப்பீடுகள் வேறொரு உறவைக் காட்டின: வளர்வதற்காகத் தோலைக் கழற்றும் விலங்குகள் அனைத்தும் ஒரு குடும்பம். வட்டப்புழுக்களும், நீர்க்கரடிகளும், வெல்வெட்டுப் புழுக்களும், கணுக்காலிகளும் அதில் அடங்கும். அட்டை அக்குடும்பத்தில் இல்லை.

எனவே ஆதிக் கணுக்காலியின் முன்னோரை மனத்தில் வரைய விரும்புபவர் அட்டையை மறந்துவிட்டு, குட்டையான, மென்மையான, மூட்டில்லாக் கால்கள் பல கொண்ட ஒரு புழுவை நினைத்துக்கொள்ள வேண்டும். கம்பிரியன் பாறைகளில் அத்தகைய விலங்குகள் உண்டு. அவற்றுள் ஹலுசிஜீனியா பேர் பெற்றது. 1977இல் அதை விவரித்தபோது, முதுகிலிருந்த முட்களைக் கால்கள் என்று கருதித் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். 1991இல் சீனத்து உயிர்ச்சுவடுகளின் துணையால் நிமிர்த்தினார்கள். எந்த முனை தலை என்பது 2015இல்தான் தெளிவாயிற்று.

திரைலோபைற்றின் உடலை எப்படிப் படித்தறிவது?

நீளவாட்டில் ஒருமுறையும் குறுக்குவாட்டில் ஒருமுறையும் படிக்க வேண்டும். பரீட்சையில் மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதை ஆண்டுதோறும் காண்கிறேன். முன்னிருந்து பின்னாகப் பார்த்தால் தலைக்கேடயம், அசையும் துண்டங்களாலான மார்பு, துண்டங்கள் ஒன்றாக இணைந்த வாற்கேடயம் என மூன்று பகுதிகள் உள்ளன. ஆனால் "மூன்று மடல்" என்று பொருள்படும் அதன் பெயர் இவற்றைக் குறிக்கவில்லை. நடுவே புடைத்தெழும் அச்சு மடலும் இரு பக்கங்களிலும் சரியும் பக்க மடல்களுமே அம்மூன்று. நடு மடலுக்குள் குடலும் தசைகளும் இருந்தன. பக்க மடல்கள் கூரையின் தாழ்வாரம்போல் கால்களை மூடிக் காத்தன.

மேல் ஓடு கல்சைற்று என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் இறுகியது. கீழ்ப்புறத்தில் வாய்க்கு முன்னால் ஒரு கடினத் தகடு இருந்ததைத் தவிர, மற்றெல்லாம் மெல்லிய தோலே. பெரும்பாலான உயிர்ச்சுவடுகளில் முதுகு மட்டும் எஞ்சியிருப்பதும், இதுவரை 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருந்தும் கால்கள் தெரியும் இனங்கள் மிகச் சொற்பமாயிருப்பதும் இதனால்தான். மார்புத் துண்டங்கள் ஒன்றோடொன்று கீல் போட்டதுபோல் இணைந்திருந்தமையால், பல இனங்கள் மென்மையான அடிப்பகுதியை உள்ளே வைத்து உருண்டையாகச் சுருண்டுகொண்டன. தொட்டதும் சுருண்டுகொள்ளும் மரவட்டையைப் பார்த்தவருக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

கால்கள் எப்படி இருந்தன?

ஆதிக் கணுக்காலிகளின் உடலமைப்பில் ஒன்றை மட்டும் கற்பிக்க எனக்கு நேரம் இருந்தால், இரு கிளைக் காலையே கற்பிப்பேன். மற்ற எல்லாம் அதிலிருந்து விளங்கும்.

உடலோடு ஒட்டிய இடத்தில் ஒரே அடித்துண்டு. அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. உட்கிளை பல மூட்டுகளுடன் கீழ்நோக்கி இறங்கிச் சேற்றில் ஊன்றும். அதுவே நடக்கும் கால். வெளிக்கிளை பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். அதன் ஓரத்தில் சீப்பின் பற்களைப்போல் மெல்லிய இழைகள் நெருங்கி வரிசையாக நிற்கும். அடித்துண்டின் உட்பக்க விளிம்பு பல இனங்களில் முட்களால் நிறைந்தது. இடக்காலும் வலக்காலும் நடக்கும்போது அந்த முள் விளிம்புகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி அசைந்து இரையை நசுக்கி, உடலின் நடுக்கோட்டு வழியே முன்னால் உள்ள வாய்க்குத் தள்ளின. ஒரு திரைலோபைற்றுக்குத் தனியான தாடை இல்லை. நடக்கும் கால்களின் அடியே அதற்குத் தாடை. இன்றைய குதிரைலாட நண்டு இப்போதும் இவ்வாறுதான் மெல்லுகிறது.

வெளிக்கிளையின் வேலை நீந்துவதா, மூச்சுவிடுவதா என்பதில் நெடுங்காலம் இழுபறி இருந்தது. நியூயோர்க் மாநிலத்தில் கிடைக்கும் திரையாத்திரஸ் என்னும் திரைலோபைற்றின் கால்களைப் பைரைற்று என்னும் இரும்புச் சல்பைட்டுக் கனிமம் பொன்னிறத்தில் அச்சாகப் பிடித்து வைத்திருக்கிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த இழைகளின் குறுக்குவெட்டு இரு முனையிலும் தடித்து நடுவில் மெலிந்திருப்பதைக் காட்டியது. குருதி ஓடும் பூவிழையின் அமைப்பும் அதுவே. செவுள் என்று தமிழ்நாட்டவர் சொல்வதை நாம் பூ என்கிறோம். ஆகவே குறைந்தது சில இனங்களிலேனும் வெளிக்கிளை மூச்சுக்கானது என்பதே என் முடிவும்.

தலையிலும் இதே கால்கள்தாம். முன்னால் ஒரு சோடி உணர்கொம்பு. அதன் பின்னால் மூன்று சோடி இரு கிளைக் கால்கள், சில இனங்களில் நான்கு. அவை மார்புக் கால்களிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. தலை என்பது கால்களுள்ள சில துண்டங்களைக் கேடயம் ஒன்று சேர்த்து மூடிய பகுதி மட்டுமே. நண்டின் கொடுக்கு, பூரானின் நச்சுக் கொடுக்கு, வண்டின் தாடை எல்லாம் இந்த ஒரே வரிசைக் கால்கள் தனித்தனி வேலைகளுக்கு உருமாறியவையே.

இந்த மென்மையான பகுதிகள் எப்படிப் பேணப்பட்டன?

உடல் அழுகுவதற்கு முன்னர் நுண்ணிய சேறு மூடி, ஒட்சிசன் எட்டாமல் செய்ய வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1909இல் சார்ள்ஸ் வோல்கொட் கண்டறிந்த பேர்ஜஸ் ஷேல் படை, ஏறத்தாழ 508 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு மூடப்பட்டது. சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் 1984இல் ஹோ சியன்குவாங் கண்டறிந்த செங்ஜியாங் படை அதைவிடப் பத்து மில்லியன் ஆண்டுகள் மூத்தது. அங்கெல்லாம் உடல்கள் கல்லில் ஒட்டிய மெல்லிய படலமாகத் தட்டையாகிக் கிடக்கின்றன. சுவீடனின் ஓர்ஸ்டென் சுண்ணக்கல்லில், ஒரு மில்லிமீற்றரும் தேறாத சிறிய கணுக்காலிகள் பொசுபேற்றால் இறுகி, கால்மயிர்கள் உட்பட முப்பரிமாணத்தில் நிற்கின்றன.

2024இல் மொரோக்கோவிலிருந்து வெளியான உயிர்ச்சுவடுகள் எல்லாவற்றையும் விஞ்சியவை. எரிமலைச் சாம்பல் கடலுக்குள் பாய்ந்து திரைலோபைற்றுகளை உயிரோடு மூடி, உடனே இறுகிவிட்டது. உடல் அழிந்தபின் எஞ்சிய வெற்றிடத்தைக் கணினி வழி ஊடுகதிர்ப் படங்களால் அளந்தார்கள். வாயின் முன்னுள்ள சதைப்பற்றான மேலுதடு அங்கேதான் முதன்முதலாகத் திரைலோபைற்றில் தெளிவாகக் காணப்பட்டது.

கண்கள்?

கூட்டுக்கண் மிக முற்பட்ட காலத்திலேயே முழு வளர்ச்சி பெற்றுவிட்டது. திரைலோபைற்றின் வில்லைகள் கல்சைற்றாலானவை. பெரும்பாலான இனங்களில் சிறிய வில்லைகள் அறுகோணமாக நெருங்கி ஒரே படலத்தின் கீழ் இருந்தன. பிற்காலத்து ஒரு பிரிவில் மட்டும் வில்லைகள் பெரியனவாகி, எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிந்து நின்றன. மொரோக்கோவின் தெவோனியன் படையில் கிடைத்த எர்பனோகைல் என்ற திரைலோபைற்றின் கண்கள் கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கின்றன. கோபுரத்தின் உச்சியில் ஓட்டின் விளிம்பு சற்று வெளியே நீண்டு, வெயிலுக்குப் புருவத்தில் கை வைப்பதுபோல், மேலிருந்து விழும் ஒளியை மறைக்கிறது. 2011இல் தென் அவுஸ்திரேலியாவின் எமு விரிகுடாப் படையிலிருந்து வெளியான அனோமலோகாரிஸ் என்ற கம்பிரியன் கடல் விலங்கின் கண் ஒவ்வொன்றிலும் குறைந்தது 16,000 வில்லைகள் இருந்தன. ஓபபினியா என்ற பேர்ஜஸ் விலங்குக்கோ ஐந்து கண்கள்.

அனோமலோகாரிஸ் எப்படி மூன்று விலங்குகளாக எண்ணப்பட்டது?

1892இல் ஜோசப் வைற்றீவ்ஸ் கனடாவில் கிடைத்த, இறாலின் உடலைப்போல் வளைந்து முட்கள் தொங்கும் ஒரு துண்டைத் தலையில்லாத ஓட்டுமீன் எனக் கருதிப் பெயரிட்டார். அப்பெயருக்கு "விசித்திர இறால்" என்பது பொருள். 1911இல் வோல்கொட், அன்னாசித் துண்டம்போல் நடுவில் ஓட்டையுள்ள வட்டமொன்றை இழுதுமீன் என்றும், நீண்ட மென்னுடல் ஒன்றைக் கடலட்டை என்றும் விவரித்தார். ஹரி விற்றிங்டனும் டெரெக் பிரிக்ஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வில்தான் இம்மூன்று வகைப் பாகங்களும் ஒரே வகை விலங்குக்கு உரியவை என்பது நிலைநாட்டப்பட்டது: "இறால்" வாய்க்கு முன்னுள்ள பற்றும் அவயவம், "இழுதுமீன்" தகடுகள் சூழ்ந்த வாய், "கடலட்டை" உடல். அக்காலத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடினமான பாகம் தனியே கழன்று கிடைக்கும்போது, இன்றும் எவரும் அவ்வாறே எண்ணியிருப்பார்.

உடலமைப்பில் இவ்விலங்கு முக்கியமான ஓரிடத்தில் நிற்கிறது. அதன் முன் அவயவங்களுக்கு மட்டும் மூட்டும் கடினத் தோலும் உண்டு. உடலின் பக்கங்களில் கால்களுக்குப் பதிலாக நீந்தும் மடல்களே இருக்கின்றன. மொரோக்கோவின் ஏஜிரோகாசிஸ், ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான அதன் பிற்காலத்து உறவு. 2015இல் அதை ஆராய்ந்தபோது ஒவ்வொரு துண்டத்திலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சோடி மடல்கள் தெரிந்தன. மேல் மடலும் கீழ் மடலும் ஓர் அடித்துண்டில் இணைந்தே இரு கிளைக் கால் உருவாகியிருக்கலாம் என்று அதை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

தலையின் முதல் அவயவம் எல்லா இனங்களிலும் ஒன்றுதானா?

இதுதான் இத்துறையின் மிகக் கடினமான கேள்வி. தோற்றத்தை வைத்து விடை காண முடியாது. எந்த மூளைத் துண்டத்திலிருந்து நரம்பு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பூச்சியின் உணர்கொம்புக்கும் சிலந்தியின் நச்சுக் கவ்விக்கும் மூளையின் இரண்டாம் துண்டத்திலிருந்தே நரம்பு வருகிறது. தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் இரண்டும் ஒரே அவயவமே. 2013இல் செங்ஜியாங்கின் அலல்கொமெனியஸ் என்ற விலங்கில் நரம்புத் தொகுதியின் தடம் காணப்பட்டு, அதன் பெரிய பற்றும் அவயவமும் அதே இரண்டாம் துண்டத்தைச் சேர்ந்தது என்று விளக்கினார்கள். மூளை இவ்வளவு காலம் கல்லில் நிற்குமா என்று ஐயுறுவோரும் இருக்கிறார்கள்; சில மாதிரிகளில் அந்த ஐயம் நியாயமானதே.

திரைலோபைற்றைப் பூச்சி என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. பூச்சிக்கு மூன்று சோடிக் கால்களே.

ஒரு ஓடு கிடைத்தால் ஒரு விலங்கு இறந்தது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. ஒரு கணுக்காலி வாழ்நாளில் பலமுறை தோல் கழற்றுகிறது. ஒவ்வொரு ஓடும் உயிர்ச்சுவடாகலாம். திரைலோபைற்றின் முகத்தில் கண்ணை ஒட்டி ஓடும் மெல்லிய கோடுகள் இருந்தன. தோல் கழற்றும்போது பல இனங்களில் அக்கோடுகள் வழியே கன்னங்கள் விலக, விலங்கு முன்பக்கமாக வெளியேறியது. கன்னமில்லாத தலைகளும் தனியே கிடக்கும் கன்னங்களும் ஏராளமாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். பேர்ஜஸ் படையின் மரெல்லா என்ற கணுக்காலி ஒன்று, பழைய தோலிலிருந்து பாதி வெளியேறிய நிலையிலேயே புதையுண்டு கிடக்கிறது. தோல் கழற்றும் பொழுதின் பேராபத்தை அந்த ஒரு மாதிரியைப்போல் வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

நிலத்துக்கு வந்தபோது உடலில் என்ன மாறியது?

நீரிலிருந்து மூச்செடுத்த உறுப்பு காற்றுக்கு ஏற்றதாக வேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில், ஏறத்தாழ 407 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் வெந்நீரூற்றின் சிலிக்கா மூடிய சிலந்தி உறவினங்களில், ஏட்டின் தாள்கள்போல் அடுக்கிய நுரையீரல் அப்படியே தெரிகிறது. ஸ்கொட்லாந்திலேயே கிடைத்த நியூமோடெஸ்மஸ் என்ற மரவட்டையின் பக்கங்களில் காற்று நுழையும் துளைகள் உள்ளன. நிலத்துக் கணுக்காலிகளுள் மிகப் பெரியது 2 மீற்றரையும் தாண்டிய ஆர்த்திரோபிளூரா. பிரான்சில் கிடைத்த அதன் குஞ்சுகளின் தலை 2024இல் வெளியாகி, மரவட்டையின் அடையாளங்களும் பூரானின் அடையாளங்களும் அதில் கலந்திருப்பதைக் காட்டியது.

இங்கே உயிர்ச்சுவடு இல்லாதபோது இவற்றை எதை வைத்துப் படிப்பது?

ஓடை நண்டை வைத்து. இலங்கையில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டினங்கள் உள்ளன; பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. ஆகவே உயிரோடு பிடிக்க வேண்டாம். பீலிக்குக் கீழே, கற்களின் இடுக்கில், கழற்றிப்போட்ட ஓடு கிடக்கும். முழுதாக இருந்தால் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஓட்டின் பின்விளிம்பு பெட்டி மூடிபோல் திறந்திருக்கும். உள்ளே பார்த்தால், கண்காம்பின் உறை, பூக்களின் மேற்றோல், இரைப்பையின் உட்தோல்கூடச் சேர்ந்து கழன்றிருப்பது தெரியும்.

பிறகு திருப்பி வாயைப் பாருங்கள். இரண்டு கதவுகள்போல் அகன்ற தட்டுகள் வாயை மூடியிருக்கும். ஊசியால் ஒரு கதவை மெல்ல விலக்கினால், அது உண்மையில் மூட்டுகளுள்ள ஒரு கால் என்பது புலப்படும். அகன்ற தட்டு அதன் உட்கிளை. அதன் வெளியோரத்தை ஒட்டி, அதே அடித்துண்டிலிருந்து புறப்பட்டு, ஈர்க்குப் போன்ற இன்னொரு மெல்லிய கிளை நிற்கும். அதுதான் வெளிக்கிளை.